ஸ்லாஸ் ரிசல்ட்டை வச்சு நிஜமா என்ன பண்றது?

ஈராசிரியர்_எச்எம்
வணக்கம். நான் ஒரு ஈராசிரியர் தொடக்கப்பள்ளி எச்எம், மாவட்டம் பேரு வேணாம். 2025 பிப்ரவரில 3, 5, 8 வகுப்புக்கு ஸ்லாஸ், அதான் மாநில அளவிலான அடைவுத் தேர்வு, நடந்துச்சுல்ல, அந்த ரிசல்ட்டை வச்சு எங்களுக்கு மீட்டிங் போட்டாங்க. ப்ரொஜெக்டர்ல ஒன்றியம் வாரியா கலர் கலரா காட்டி, செவப்புல இருக்குற ஸ்கூல் எச்எம் எல்லாம் எந்திரிச்சு நில்லுங்கன்னு சொன்னாங்க. நானும் நின்னேன். இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்ல அப்படி நின்னதில்ல. கடைசில சொன்ன தீர்வு என்னன்னா தினமும் ஒரு பீரியட் ஓஎம்ஆர் சீட்ல (மெஷின் திருத்துற விடைத்தாள்) வட்டம் போட ப்ராக்டீஸ் குடுங்கன்றதுதான். மூணாங்கிளாஸ் புள்ளைக்கு வட்டம் போட சொல்லிக் குடுத்தா கணக்கு வந்துருமா? இந்த ரிசல்ட்டை வச்சு உருப்படியா எதாவது செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, நான் புலம்ப வரல, நிஜமாவே கேக்குறேன்.

மொட்டும்மலரும்
சார் முதல்ல, சதவீதத்தைப் பாத்து மனசு விட்டுடாதீங்க. உங்க மூணாங்கிளாஸ்ல எத்தன பேரு? 6 பேருன்னா ஒருத்தன் தப்பா போட்டாலே கிட்டத்தட்ட 17 சதவீதம் காலி, அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சலா இருந்திருக்கும். 60 புள்ளைங்க இருக்குற ஸ்கூலையும் உங்களையும் ஒரே பட்டியல்ல போட்டு ரேங்க் குடுக்குறதே தப்பு. நாஸ் 2021ம், அதான் தேசிய அளவுல நடந்த அடைவுத் தேர்வு, இதே கதைதான், இங்க கொரோனாவுக்கு அப்புறம் 1 முதல் 8 வரைக்கும் ஸ்கூல் திறந்தது நவம்பர் 1, நடுவுல தீபாவளி வேற, நவம்பர் 12 டெஸ்ட். ரெண்டாங்கிளாஸ் முழுசும் வீட்லயே இருந்த புள்ளைங்கதான் அன்னைக்கு மூணாங்கிளாஸ்ல உக்காந்து எழுதுச்சுங்க. அதுவும் நாஸ் சாம்பிள் சர்வே, மாவட்டம் எப்படி இருக்குன்னு பாக்கத்தான் ஆகும், ஒரு ஸ்கூலை நிறுத்தி வச்சு திட்ட ஆகாது.

பிஆர்டி_பழையவர்
நான் பத்து வருஷம் பிஆர்டியா, அதான் ஒன்றியத்துல ஆசிரியர் பயிற்றுநரா இருந்தவன், ரெண்டு பக்கமும் பாத்தாச்சு. மார்க்கை விட்டுடுங்க, புள்ளை எந்தத் தப்பான ஆப்ஷனை எடுத்துச்சுன்னு பாருங்க, விஷயம் பூரா அங்கதான் இருக்கு. 52ல 27 போனா எவ்வளவுன்னு கேளுங்க. 79னு எழுதுனா அவன் கூட்டிட்டான், கேள்வியைச் சரியா படிக்கல, அது வாசிப்புப் பிரச்சனை. 35னு எழுதுனா வேற நோய், 7ல 2 போச்சு 5, 5ல 2 போச்சு 3ன்னு பெரிய இலக்கத்துல இருந்து சின்னதைக் கழிக்கிறான், கடன் வாங்கி கழிக்கிறது புரியவே இல்ல. ரெண்டு பேருக்கும் மார்க் சைபர்தான், ஆனா மருந்து ஒண்ணு இல்ல. ஸ்கேல் கணக்கும் இப்படித்தான், பென்சில் 2ல ஆரம்பிச்சு 7ல முடிஞ்சா நெறைய புள்ளைங்க 7 செமீன்னு சொல்லும், ஏன்னா நாம கரும்பலகைல எப்பவுமே சைபர்ல இருந்துதான் வச்சுக் காட்டியிருக்கோம்.

மாவட்டத்துல செய்ய வேண்டியதும் இதுதான். ஒரு ஒன்றியம் முழுக்க அதே கணக்குல அதே தப்புன்னா அது புள்ளைங்க தப்பில்ல, நாம எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிக் குடுத்திருக்கோம்னு அர்த்தம், சிஆர்சி (குறுவள மைய) ஆசிரியர் கூட்டத்துல அந்த ஒரு டாபிக்கை மட்டும் எடுத்துப் பேசணும். ஒரே ஒரு ஸ்கூல்ல மட்டும் அடி வாங்கியிருந்தா அங்க நேர்ல போய்ப் பாக்கணும், போஸ்டிங் காலியா இருக்கும், இல்ல டீச்சர் எந்நேரமும் எமிஸ் வெப்சைட்ல ஸ்கூல், புள்ளைங்க விவரத்தை ஏத்திக்கிட்டு இருப்பாங்க. நிக்க வச்சா இதுல ஒண்ணும் தெரியாது.

அரசுப்பள்ளி_அப்பா
பெத்தவனா ஒண்ணு கேக்கலாமா? எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துல எங்களுக்கு இதை ஏன் காட்ட மாட்றாங்க? என் பொண்ணு எண்ணும் எழுத்தும் திட்டத்துல எந்தக் கற்றல் நிலை, அரும்பா மொட்டா மலரான்னே நான் அவ ஒர்க்புக்கைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன், ஒரு வாக்கியம் சொன்னா வீட்ல நாங்களும் படிக்க வைப்போம்ல.

மொட்டும்மலரும்
கேள்வி நியாயம்தான் அண்ணா. காட்டுனா சண்டைக்கு வருவாங்கன்னு எங்காளுங்களுக்கு ஒரு பயம், அவ்ளோதான். நான் போன கூட்டத்துல காட்டினேன், ஒருத்தரும் சண்டை போடல, ஒரு பாட்டி மட்டும் எங்கூட்டுப் பய படிக்கிறானா இல்லியா அதச் சொல்லு தாயின்னாங்க 😀

ஈராசிரியர்_எச்எம்
மூணு வாரம் கழிச்சு வர்றேன். பிஆர்டி சார் சொன்ன அதே 52 - 27ஐ ஓஎம்ஆர் இல்லாம சிலேட்டுல போட சொன்னேன், 3ல இருந்து 5 வரைக்கும் மொத்தம் 19 புள்ளைங்க, 11 பேரு 35. அஞ்சாங்கிளாஸ்லயே நாலு பேரு சார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் விளக்குமாத்து ஈர்க்குச்சியை பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டி, அஞ்சு கட்டும் ரெண்டு குச்சியும் கைல குடுத்து 27 குடுறான்னு கேட்டேன். ஒருத்தன் ரெண்டு கட்டைக் குடுத்துட்டு மிச்சம் ரெண்டு குச்சியையே பாத்துக்கிட்டு நின்னான், அப்புறம் டக்குனு "சார் கட்டை அவுத்துக்கலாமா"ன்னு கேட்டான். அவுத்துக்கடான்னேன். இப்ப 35 போடுறவங்க மூணு பேருதான், அதுல ஒருத்தன் செங்கல் சூளைக்குப் போன குடும்பம், ரெண்டு வாரமா வரல. அடுத்த மீட்டிங்ல கலர் மாறுமான்னு தெரியாது, ஈர்க்குச்சிக் கட்டை பைல எடுத்துக்கிட்டுதான் போகப்போறேன்.