சனிக்கிழமை என்ன படம்?

குழு: கொக்குவில் வீடு
வியாழக்கிழமை

ரொறன்ரோ மாமா: எல்லாருக்கும் வணக்கம். கொண்டுவந்த புரொஜெக்டரை நேற்றிரவு பின் விறாந்தைச் சுவரில் போட்டுப் பார்த்தேன், படம் நல்ல தெளிவு, சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்பீக்கர் வேண்டும். சனிக்கிழமை இரவு முற்றத்தில் எல்லாருமாக இருந்து பார்ப்போம். நல்லூர்த் திருவிழாவும் முடிந்துவிட்டது, இனி ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்யலாம் என்று மாமி சொல்கிறா. என்ன படம் என்று நீங்களே முடிவு செய்யுங்கோ, நான் தலையிடமாட்டேன்.

அக்கா: நீங்களோ மாமா? தலையிடமாட்டீங்களோ?

தம்பி: என் வாக்கு 'தீபன்'. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது எடுத்த படம், கதாநாயகனாக நடித்த ஷோபாசக்தி எங்கள் அல்லைப்பிட்டியில் பிறந்தவர், அப்படியிருந்தும் இந்தக் குழுவில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? நானே ஃபோனில்தான் பார்த்தேன், வெட்கக்கேடு.

பாரிஸ் மச்சாள்: நான் இங்கே தியேட்டரில் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு பொம்பிளையும் பிள்ளையும் அவருக்கு மனைவி, மகள் என்று வேறு ஆட்களின் பாஸ்போர்ட்டில் வருகிற பகுதி இருக்கே, அது அப்படியே உண்மை, எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரிக்குப் படம், எனக்கு அது தெரிந்த ஆட்களின் கதை. ஆனால் கடைசியில் வரும் துப்பாக்கிச் சண்டை தேவையே இல்லை. அந்த இயக்குநர் ஓடியார் நல்லாகக் கொண்டுபோய் இறுதியில் தன் பழைய புத்தியைக் காட்டிவிட்டார்.

தம்பி: அந்தச் சண்டை ஏன் வருகிறது என்று யோசியுங்கோ மச்சாள். அந்த ஆளுக்குள் சண்டை முடியவில்லை.

பாரிஸ் மச்சாள்: யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அக்கா: பெரியம்மாவுக்குக் குரல் பதிவு போடத் தெரியவில்லை, சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "பாஸ் எடுத்து, செக்பொயின்றில் இறங்கி ஏறி, பங்கருக்குள் கிடந்து எழும்பி வந்தவளுக்கு அதையே சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டப் போகிறீங்களோ? எனக்குச் சிவாஜி படம் போடுங்கோ. அழுகிறதென்றால் சிவாஜி அழட்டும், நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்."

சித்தி: பெரியக்கா சொன்னதுதான் சரி.

சித்தப்பா: சிவாஜி என்றால் 'பைலட் பிரேம்நாத்' போடலாமே. 1978இல் வந்தது, இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து எடுத்த படம், எங்கள் மாலினி பொன்சேகா சிவாஜிக்கு ஜோடி. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் படம் பார்க்கிறதென்றால் அது ஒரு வேலை. வின்சர், ராணி, மனோகரா, றீகல், ராஜா என்று எல்லாவற்றின் முன்னாலும் சைக்கிள்தான் நிற்கும். ஆங்கிலப் படம் என்றால் றீகல். படம் விளங்கியதோ இல்லையோ, றீகலுக்குப் போய்வந்த பெடியன் அடுத்த நாள் சந்தியில் நிற்கிற விதமே வேறு. இப்ப என்ன, கார்கில்ஸ் சதுக்கத்தில் லிப்ட்டில் ஏறிப் போய்ப் படம் பார்க்கிறீர்கள்.

தம்பி: ஏசியும் இருக்கு சித்தப்பா, அதையும் குறையாகச் சொல்லுங்கோ.

நான்: எனக்கு தியேட்டரைவிட வீடியோ டெக் காலம்தான் ஞாபகத்தில் நிற்கிறது. 1990இல் மின்சாரம் நின்ற பிறகு படம் என்றால் யாராவது டெக்கும் ரிவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஜெனரேற்றரைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது போடுகிற சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்காது என்பதால் கிணற்றடிக்குப் பின்னால் கிடங்கு வெட்டி இறக்கி, மேலே தகரம் சாய்த்து, ஈரச் சாக்கும் போட்டிருந்தார்கள். அப்படியும் பாதி வசனம் போய்விடும். வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலெல்லாம் போர்வை, உள்ளே ஊர்ச் சனம் முழுக்க, வேர்வை நாற்றம், முன்னுக்கு இருக்கிற பிள்ளைகளின் தலையை யாராவது அமத்திக்கொண்டே இருப்பார்கள். 'நாயகன்' பார்த்த அன்று முடிகிற நேரம் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. வேலு நாயக்கரைச் சுட்டது யார் என்று கன வருடம் கழித்துக் கொழும்பில்தான் பார்த்தேன். அதுவரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார் என்றுதான் வகுப்பில் சண்டை பிடித்தேன்.

ரொறன்ரோ மாமா: அந்தக் கிடங்கை வெட்டினது நான்தான்.

அக்கா: எல்லாம் நீங்கள்தான் மாமா.

சித்தி: டெக் இல்லாத நாளில் சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோமே. திருச்சி வானொலியில் படங்களின் ஒலிச்சித்திரம் போகும். சுற்றுகிற ஆள் களைத்தால் கதாநாயகியின் குரலும் இழுபடும்.

நான்: படம் பார்க்காமலே கதை முழுக்கத் தெரிந்த ஆட்கள் எங்கள் அம்மாக்கள்தான்.

தம்பி: சரி, பழைய கதை போதும். பெரியம்மாவுக்கு எங்கள் கதை வேண்டாம் என்றால் விளங்குது. ஆனால் இந்தியப் படத்தில் எங்கள் ஆட்கள் வந்தால் ஒன்றில் அகதி, இல்லாவிட்டால் பகிடி. 'தெனாலி'யில் கமல் பேசினது மோசமில்லை, எங்கள் வானொலி அறிவிப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீத் உதவி செய்தவர் என்பதும் தெரியும். ஆனால் தியேட்டரில் சனம் எதற்குச் சிரித்தது? ஆள் பயந்ததற்கு அரைவாசி, பேச்சுக்கு அரைவாசி.

சித்தப்பா: நீ அப்ப பிறக்கவே இல்லையடா. 2000இல் எங்கள் பேச்சு ஒரு பெரிய நடிகனின் வாயில் படம் முழுக்க வந்ததே எங்களுக்குப் பெரிய விஷயம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நானும்தான் சிரித்தேன்.

தம்பி: அதுதான் பிரச்சினையே.

பாரிஸ் மச்சாள்: இந்த விஷயத்தில் தம்பியின் பக்கம் நான். ஆனால் போன வருஷங்களில் வந்ததில் 'டூரிஸ்ட் ஃபேமிலி' அப்படி இல்லை. 2025 மே மாதம் வந்தது, சசிகுமாரும் சிம்ரனும். இலங்கையில் இருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம் போய் இறங்குகிற குடும்பம், இலங்கைத் தமிழ் பேசி மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று யோகி பாபு கெஞ்சிக்கொண்டு திரிகிறார். சிரிப்பு அவர்களின் பேச்சைப் பார்த்து வருவதில்லை, அதை ஒளிக்கப் படும் பாட்டில் வருகிறது. எனக்கு அது போதும்.

தம்பி: பேச்சு அங்கங்கே தட்டுது மச்சாள்.

பாரிஸ் மச்சாள்: உன் பேச்சே இப்ப அரைவாசி யூரியூப்.

அக்கா: பெரியம்மா கேட்கிறா, "அந்தப் படத்தில் ஆட்கள் சாகிறார்களோ?"

பாரிஸ் மச்சாள்: வயது போன ஒரு அம்மா இறக்கிறா. அந்தச் செத்தவீட்டுக் காட்சிதான் படத்திலேயே நல்லது, அதுவரைக்கும் முகம் பார்க்காத அயலவர் எல்லாம் ஒன்றாக நிற்பார்கள்.

அக்கா: "வயது போய்ச் செத்தால் பரவாயில்லை" என்கிறா.

தம்பி: ஒரு குண்டுவெடிப்பும் இருக்கு.

சித்தி: நீ கொஞ்சம் சும்மா இரு.

சித்தப்பா: எங்கள் கதை வேண்டும் என்று கேட்கிறவர்கள் இங்கேயே எடுத்த படங்களைப் பற்றி ஏன் ஒருவரும் கதைக்கவில்லை? 'பொன்மணி' 1977இல் வந்தது, எடுத்தவர் தர்மசேன பத்திராஜா, சிங்களவர், எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். சீதனம், சாதி என்று எங்கள் வீட்டு விறாந்தைக்குள் நடக்கிற கதை. சனம் அதை ஓடவிடவில்லை. அடுத்த வருஷம் செங்கை ஆழியானின் நாவலை வைத்து எடுத்த 'வாடைக்காற்று' வந்தது. தம்பி, யோகி பாபுவுக்கு முதல் இதையும் கொஞ்சம் பார்.

தம்பி: சித்தப்பா, இது எனக்கு மெய்யாகவே தெரியாது. எங்கே பார்க்கலாம்?

சித்தப்பா: நல்ல கொப்பி கிடைக்கிறது கஷ்டம். அதுதான் கவலை.

நான்: எனக்கு ஒரு எண்ணம். பெரியம்மா எப்படியும் ஒன்பது மணிக்கு மேல் கண் முழிக்கமாட்டா. இருட்டினவுடன் அவாவின் சிவாஜி படத்தைப் போடுவோம், அவா படுத்த பிறகு 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 'தீபன்' இன்னொரு நாள், பிள்ளைகள் இல்லாமல், பெரிய ஆட்கள் மட்டும். அது ரோல்ஸ் கடித்துக்கொண்டு பார்க்கிற படமில்லை.

தம்பி: நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் சரி.

ரொறன்ரோ மாமா: எந்தச் சிவாஜி படம்? இரவோடு இரவாக டவுன்லோட் பண்ண வேண்டும்.

அக்கா: 'பாசமலர்' என்கிறா.

தம்பி: ஆட்கள் சாகக்கூடாது என்று சொன்ன ஆளோ? அதில் அண்ணனும் தங்கையும் இரண்டு பேருமே முடிவில் போய்விடுகிறார்களே.

அக்கா: "அது வேறு. அவை இரண்டு பேரும் பிழைத்திருந்தால் படம் ஓடியிருக்குமோ" என்று கேட்கச் சொல்கிறா.

சித்தப்பா: பெரியக்காவின் தீர்ப்புக்கு மேல் அப்பீல் இல்லை.

ரொறன்ரோ மாமா: சரி, ஏழு மணிக்குத் தொடக்கம். முற்றத்தில் பாய், வயது போனவர்களுக்குக் கதிரை. தம்பி, ஸ்பீக்கர் உன் பொறுப்பு. நீளமான வயர் ஒன்றும் எடுத்துவா, குசினிப் பிளக்கில் இருந்து எட்ட வேண்டும்.

பாரிஸ் மச்சாள்: என்னை வீடியோ கோலில் வையுங்கோ, சுவரைப் பார்த்து.

சித்தி: நுளம்புத்திரி யார் வாங்குகிறீர்கள்? வீட்டில் ஒன்றுதான் இருக்கு.