2018-ல் நின்றுபோன தவணைக் கடனை இப்போது கேட்கிறார்கள், அப்பா கையெழுத்து போடலாமா?

குலசேகரத்துக்காரன்:
அப்பா 2017 மார்ச்சில் ஒரு நிதி நிறுவனத்தில் பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் 24 மாதத் தவணையில் கடன் எடுத்தார். அந்த நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து ரப்பரும் வாழையும் சாய்ந்துவிட்டன. 2018 ஜூன் வரை எப்படியோ கட்டினார், அப்புறம் முடியவில்லை. இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை. இப்போது வசூல் ஏஜென்ட் ஒருவர், "ஆயிரம் ரூபாய் கட்டுங்க, மீதியைத் தருவேன்னு ஒரு தாளில் கையெழுத்து போடுங்க, இல்லன்னா போலீஸ் வரும்" என்கிறார். அப்பா இரவெல்லாம் தூங்குவதில்லை. என்ன செய்ய?

தக்கலை வக்கீல்:
தம்பி, அந்தத் தாளில் அப்பா கையெழுத்து போடவே கூடாது. மற்றதெல்லாம் பிறகு.

1963-ஆம் ஆண்டு லிமிட்டேஷன் (காலவரம்பு) சட்டப்படி இந்த மாதிரிக் கடனுக்கு வழக்கு போட மூன்று வருடம்தான். கடைசித் தவணையான 2019 மார்ச்சில் இருந்து எண்ணினாலும் 2022 மார்ச்சில் முடியும். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் விலக்கியது; அதையும் கூட்டினால் 2024 தொடக்கம் வரை வரும். அதுவும் தாண்டியாச்சு.

கெடு முடியும் முன்னால் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டிருந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். முடிந்த பிறகு வெறும் ஒப்புதலுக்கு அந்த வலு இல்லை. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தில் 25(3) பிரிவு இருக்கிறது: காலம் கடந்த கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்து போட்டால் அது புது ஒப்பந்தம், அதை வைத்து வழக்கு போடலாம். ஏஜென்ட் நீட்டுவது அந்தத் தாள்தான்.

இடையில் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா, வழக்கு நடந்து தீர்ப்பு ஆகிவிட்டதா என்று பாருங்கள். தீர்ப்பு இருந்தால் அதை நிறைவேற்ற 12 வருடம் உண்டு.

மார்த்தாண்டம் வங்கி ஊழியர்:
வழக்கு போடும் உரிமைதான் போகிறது, கடன் அழிவதில்லை. சிபில் பதிவிலும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் பதிவிலும், அடிபடும். ஆனால் கட்டாத கடனுக்காக மட்டும் போலீஸ் வராது, இது சிவில் விஷயம். காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் ஏஜென்ட் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டலைப் பதிவு செய்து வையுங்கள். நிறுவனத்துக்குப் புகார் எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

குலசேகரத்துக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) வரச்சொல்லி ஒரு நோட்டீஸும் வந்திருக்கிறது. போகாவிட்டால் தப்பா?

தக்கலை வக்கீல்:
போய்க் கேட்கலாம், சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே சமரசத்தில் கையெழுத்து போட்டால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. கோர்ட் சம்மன் வந்தால் மட்டும் ஒருநாளும் தவற விடாதீர்கள். அதற்கு முன்னால் நாகர்கோவில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தாள்களைக் காட்டுங்கள், வருமானம் குறைவென்றால் வக்கீல் இலவசம். சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.