பிடி100 சென்சாருக்கு நகராத கரன்ட் சோர்ஸ்: அனுபவப் பகிர்வு

பதிவு 1

பிடி100-க்கு (சூடு ஏற ஏற ஓம் ஏறும் பிளாட்டினம் சென்சார்) 1 மில்லி ஆம்ப் கொடுத்து, அதில் விழும் வோல்டேஜை வைத்து வெப்பநிலை அளக்கும் சர்க்யூட்டில் அடிக்கடி கேட்கிற புகார் இது: காலையில் சரியாகக் காட்டுகிறது, மத்தியானம் பேனல் சூடானதும் அரை டிகிரி விலகுகிறது. உடனே சென்சாரை மாற்றுவார்கள். மாற்றியும் சரியாகாது.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 0 டிகிரியில் சென்சார் 100 ஓம். ஒரு டிகிரிக்கு ஏறுவது ஏறக்குறைய 0.39 ஓம். கரன்ட் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) மாறினால் 0.01 ஓம் தப்பு, அதாவது 0.026 டிகிரி. கரன்ட் அளவை நிர்ணயிக்கும் செட் ரெசிஸ்டர் டிகிரிக்கு 100 பிபிஎம் நகரும் சாதாரண மெட்டல் ஃபிலிம் என்றால், போர்டு 20 டிகிரி சூடேறும்போது 2000 பிபிஎம். அங்கேயே அரை டிகிரி போய்விட்டது. சென்சார் சூளைக்குள் இருந்தால் இன்னும் மோசம். 400 டிகிரியில் அது 247 ஓம். தப்பு மொத்த ஓமுக்கும் விகிதமாக வருவதால் அதே 2000 பிபிஎம் 1.4 டிகிரியாகிறது.

எல்எம்334 என்ற கரன்ட் சோர்ஸ் சிப்பை இதற்குப் போடாதீர்கள். அதன் கரன்ட் தனி வெப்பநிலைக்கு (கெல்வின்) விகிதமாகவே ஏறும்; டிகிரிக்கு ஏறக்குறைய 3300 பிபிஎம். வெப்பநிலையை அளக்க அதுவே நல்ல சென்சார், ஆனால் சென்சாருக்கு ஊட்டும் சோர்ஸாக ஆகாது. டையோடு போட்டு ஈடுகட்டலாம். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் அது பலிக்கும்.

நம்பிக் கட்டக்கூடியது பழைய அமைப்புதான்: 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ் (மாறாத வோல்டேஜ் தரும் சிப்), ஆப்-ஆம்ப் (இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டுச் சரிசெய்யும் சிப்), என்-சேனல் மாஸ்ஃபெட், அதன் சோர்ஸ் காலில் 2.5 கிலோ ஓம் ரெசிஸ்டர். பணத்தை முதலில் அந்த ரெசிஸ்டரில் போடுங்கள், அடுத்து ரெஃபரன்ஸில். ரெஃப்5025-இன் உயர் கிரேடு அதிகபட்சம் டிகிரிக்கு 3 பிபிஎம். எல்எம்4040 போட்டால் 100 பிபிஎம் வரை போகலாம். ரெசிஸ்டர் 10 பிபிஎம் தின் ஃபிலிமாவது இருக்க வேண்டும். 2.5 கிலோ ஓம் கிடைக்காமல் 2.49 கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். கரன்ட் 1.004 மில்லி ஆம்ப் ஆனாலும் அது நிலையான தப்பு, கேலிபிரேஷனில் கழிந்துவிடும். நகர்வதுதான் கழியாது. ஆகவே 0.01 சதவீத டாலரன்ஸுக்குக் காசு கொடுப்பதைவிடக் குறைந்த பிபிஎம்முக்குக் கொடுப்பது மேல்.

மாஸ்ஃபெட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்டால் பேஸ் கரன்ட் கணக்கில் நுழைகிறது. பீட்டா (கலெக்டர் கரன்ட் பேஸ் கரன்டைப் போல எத்தனை மடங்கு என்பது) 200 என்றால் அரை சதவீதம் பேஸ் வழியாகப் போகும். பீட்டா டிகிரிக்கு 0.6 சதவீதம் அளவில் மாறும். இரண்டையும் பெருக்கினால் டிகிரிக்கு 30 பிபிஎம். நல்ல ரெசிஸ்டர் வாங்கிய பயனை இது ஒன்றே தின்றுவிடும்.

பதிவு 2

ஆப்-ஆம்ப் பற்றி ஒரு சேர்க்கை. சென்ஸ் ரெசிஸ்டரில் (மேலே சொன்ன 2.5 கிலோ ஓம்) எத்தனை வோல்ட் விழுகிறது என்பதை வைத்தே ஆப்-ஆம்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்எம்358 டிகிரிக்கு 7 மைக்ரோ வோல்ட் போல நகரும். 2.5 வோல்ட்டுக்கு எதிரே அது 3 பிபிஎம் கூட இல்லை. அதே சிப்பை 0.1 வோல்ட் ரெஃபரன்ஸோடு போட்டால் 70 பிபிஎம். சப்ளை குறைவு என்று சென்ஸ் வோல்டேஜைக் குறைத்துவிட்டு, பிறகு விலை கூடிய ஜீரோ-டிரிஃப்ட் ஆப்-ஆம்ப் தேடுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வோல்ட் தர இடமே இல்லாவிட்டால் ஓபிஏ333 போன்றதற்குப் போங்கள். அதிகபட்சம் டிகிரிக்கு 0.05 மைக்ரோ வோல்ட்.

இன்னொன்று ஆசிலேஷன். மல்டிமீட்டரில் கரன்ட் சரியாகத்தான் தெரியும், ஆனால் கேபிளைத் தொட்டால் ரீடிங் குதிக்கும். ஸ்கோப்பை கேட் காலில் வைத்துப் பாருங்கள். மாஸ்ஃபெட்டின் கேட் கெபாசிட்டன்ஸ் ஆப்-ஆம்ப் அவுட்புட்டைத் தாமதப்படுத்துவதால் வருவது. கேட்டுக்கு 100 ஓம், சோர்ஸிலிருந்து இன்வெர்ட்டிங் காலுக்கு 10 கிலோ ஓம், ஆப்-ஆம்ப் அவுட்புட்டிலிருந்து இன்வெர்ட்டிங் காலுக்கு 1 நானோ ஃபாரட். இது போதும். வெப்பநிலை அளக்கிற வேலைக்கு வேகம் தேவையே இல்லை.

பதிவு 3

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்) உங்கள் கையில் இருந்தால் கரன்டை நகராமல் வைக்கிற போராட்டமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே கரன்டை பிடி100 வழியாகவும் ஒரு ரெஃபரன்ஸ் ரெசிஸ்டர் வழியாகவும் ஓட விடுங்கள். அந்த ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜையே ஏடிசியின் ரெஃபரன்ஸ் கால்களுக்குக் கொடுங்கள். வெளியே வருவது இரண்டு ஓம்களின் விகிதம் மட்டும். கரன்ட் 1 சதவீதம் ஆடினாலும் விகிதம் ஆடாது. 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ் சிப்பின் செலவும் மிச்சம்.

ஏடிஎஸ்1220 என்ற ஏடிசியில் 3.3 வோல்ட் சப்ளையோடு ஓடும் மதிப்புகள்: உள் கரன்ட் 0.5 மில்லி ஆம்ப், ரெஃபரன்ஸ் ரெசிஸ்டர் 3.24 கிலோ ஓம், கெயின் 8. ரெசிஸ்டரில் 1.62 வோல்ட். 850 டிகிரியில் பிடி100 390.5 ஓம், அதில் 0.195 வோல்ட், எட்டால் பெருக்கினால் 1.56, ரெஃபரன்ஸுக்குள் அடங்குகிறது. இரண்டும் சேர்ந்து 1.82 வோல்ட். கரன்ட் சோர்ஸுக்கு 0.9 வோல்ட் விட வேண்டும், 2.4 வரை இடம் இருக்கிறது. ரெசிஸ்டரை சென்சாருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வையுங்கள். சென்சார் வோல்டேஜ் கிரவுண்டிலிருந்து மேலே தூக்கப்படுவதால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரும் சரியாக வேலை செய்யும்.

இப்போது நகர்வதற்கு மிஞ்சியது அந்த 3.24 கிலோ ஓம் ஒன்றுதான். 5 பிபிஎம் ரெசிஸ்டரும் 20 டிகிரி சூடும் சேர்ந்தால் 0.026 டிகிரி.

இதில் தப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. ரெஃபரன்ஸ் கால்களில் பெரிய கெபாசிட்டரும் இன்புட்டில் சின்னதும் போட்டால், கரன்டில் வரும் நாய்ஸ் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேராது, விகிதம் கலங்கும். இரண்டு ஃபில்டருக்கும் டைம் கான்ஸ்டன்ட் ஒத்திருக்க வேண்டும். அடுத்து, கரன்ட் வெளிவரும் காலும் அளக்கும் காலும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஃபில்டரின் 1 கிலோ ஓம் வழியாகக் கரன்ட் ஓடினால் அரை வோல்ட் அங்கேயே வீண்.

பதிவு 4

பிடி100-ஐ அளக்கக் கடைகளில் கிடைக்கும் மேக்ஸ்31865 மாட்யூலும் இதே விகித முறைதான் சார். அதில் இருக்கும் 430 ஓம் ரெசிஸ்டர்தான் எல்லாம். மலிவான மாட்யூலில் அது எந்த பிபிஎம் என்று தெரியாது. கழற்றி 10 பிபிஎம் ஒன்றை வைத்தாலே நகர்வு தெளிவாகக் குறையும். பிடி1000-க்கு (0 டிகிரியில் 1000 ஓம்) 4.3 கிலோ ஓம் போட வேண்டும், மறக்காதீர்கள்.

பதிவு 5

கரன்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒயர் கெடுத்துவிடும். 24 கேஜ் செப்பு ஒயர் மீட்டருக்கு 0.084 ஓம். பத்து மீட்டர் போய் வந்தால் 1.68 ஓம், 4 டிகிரிக்கு மேல். அதை ஒரு முறை கழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. செப்பே டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறுகிறது. ஒயர் ஓடும் இடம் 20 டிகிரி சூடானால் மறுபடியும் 0.34 டிகிரி விலகும். நான்கு ஒயர் (கரன்டுக்கு இரண்டு, அளக்க இரண்டு) போட முடிகிற இடத்தில் நான்கு ஒயரே போடுங்கள். மூன்று ஒயரில் பெரும்பாலும் இரண்டு கரன்ட் சோர்ஸ் போடுவார்கள். அவை துல்லியமாகப் பொருந்தாது என்பதால் இடம் மாற்றி இரண்டு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

பலர் கவனிக்காதது ஃப்ளக்ஸ். சால்டர் செய்த பின் ரெசிஸ்டருக்கு அடியில் தங்கும் எச்சம் ஈரக்காற்றில் 10 மெகா ஓம் லீக்கேஜ் ஆகலாம். 2.5 கிலோ ஓமுக்குக் குறுக்கே அது 250 பிபிஎம். மழைக்காலத்தில் மட்டும் நகரும் போர்டு என்றால் முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள். திடீரென ஏறும் வோல்டேஜிலிருந்து பாதுகாக்கப் போடும் டிவிஎஸ் டையோடும் இதே வகை. எஸ்எம்ஏஜே5.0ஏ 5 வோல்ட்டில் 800 மைக்ரோ ஆம்ப் வரை லீக் ஆக அனுமதி உள்ள பாகம். 1 மில்லி ஆம்ப் லைனில் அதை வைக்கக் கூடாது. விகித முறையில் ஒரு வசதி: சென்சாருக்கு மேலே கிரவுண்டுக்கு ஒழுகுவது இரண்டு ரெசிஸ்டரையும் தாண்டிப் போவதால் பாதிக்காது. சென்சாரும் ரெஃபரன்ஸ் ரெசிஸ்டரும் சேரும் முனையில் ஒழுகினால் பாதிக்கும். கழுவும்போது அந்த முனைக்குத்தான் அதிகக் கவனம்.

பதிவு 6

எந்தப் பாகம் நகர்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி. சென்சாரைக் கழற்றி, குறைந்த பிபிஎம் உள்ள 100 ஓம் ரெசிஸ்டரை நான்கு ஒயரில் போர்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பஞ்சு சுற்றிய டப்பாவுக்குள் வையுங்கள். அரை மணி நேரம் ஓட விட்டு ரீடிங்கைப் பதிவு செய்யுங்கள். பிறகு சால்டரிங் அயர்ன் முனையைத் தொடாமல் ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் சில வினாடி பிடியுங்கள். ரீடிங் எங்கே ஓடுகிறதோ அங்கே குற்றம். ஹேர் டிரையரால் மொத்தப் போர்டையும் சூடாக்கினால் ஒன்றின் ஏற்றத்தை இன்னொன்றின் இறக்கம் மறைத்துவிடும்.

சூடு காட்டும்போது ரீடிங் தாவி, போர்டு முழுக்க ஒரே சூட்டுக்கு வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பினால் அது தெர்மல் இஎம்எஃப் (வேறு வேறு உலோகங்கள் சேரும் இடங்களில் சூட்டு வித்தியாசத்தால் வரும் வோல்டேஜ்). 1 மில்லி ஆம்பில் 4 மைக்ரோ வோல்ட்டே 0.01 டிகிரி. கரன்டை அணைத்து ஒரு ரீடிங், போட்டு ஒரு ரீடிங், இரண்டையும் கழியுங்கள். கரன்டைத் திருப்பி ஓட்ட முடிந்தால் இன்னும் நல்லது. அதற்காகக் கரன்டை ஏற்றிவிடாதீர்கள். 1 மில்லி ஆம்பில் 100 ஓம் 0.1 மில்லி வாட் சூடாகிறது. அசையாத காற்றில் மில்லி வாட்டுக்கு 0.4 டிகிரி ஏறும் சின்ன எலிமென்ட் என்றால் 0.04 டிகிரி. 2 மில்லி ஆம்ப் ஆக்கினால் அது நான்கு மடங்கு.