ஓட்டிசப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடிப் போனபோது கண்டவை: திருகோணமலைப் பெற்றோரின் அனுபவப் பகிர்வு

உவர்மலை அம்மா

மகனுக்கு வருகிற ஜனவரியில் ஐந்து வயது முடிகிறது. ஓட்டிசம் என்று டொக்டர் எழுதித் தந்துவிட்டார். அந்தக் கதை இங்கே எல்லாருக்கும் பழக்கம்தானே, விடுகிறேன்.

போன கிழமை டவுனில் ஒரு தனியார் நிலையத்தைப் பார்க்கப் போனோம். பெயர் வேண்டாம். மாதக் கட்டணம் என் கணவரின் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட வரும். ஏசி, சுவர் முழுக்கப் படங்கள், சப்பாத்து வைக்க நிறம் நிறமாகத் தட்டுகள், எல்லாம் வடிவு. உள்ளே ஒரு மேசையில் என் மகன் வயதில் ஒரு பிள்ளை, எதிரே ஒரு மிஸ். "மூக்கைத் தொடு" என்கிறார். தொட்டால் மாரி பிஸ்கட்டில் நகமளவு துண்டு. தொடாவிட்டால் அவரே கையைப் பிடித்து மூக்கில் வைக்கிறார். திரும்பவும் "மூக்கைத் தொடு". நடுவில் அந்தப் பிள்ளை மிஸ்ஸின் சட்டை நுனியைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தான். மிஸ் அந்தக் கையை எடுத்து மேசையில் வைத்து அழுத்திக்கொண்டு "மூக்கைத் தொடு" என்றார். திரும்பவும் இழுத்தான். திரும்பவும் மேசை. கொஞ்ச நேரத்தில் அவனுடைய காற்சட்டை நனைந்துவிட்டது.

மிஸ் ஏசவில்லை. துடைத்து, உடுப்பு மாற்றி விட்டார், பொறுமையாகத்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற பொறுப்பாளர் "ஆறு மாதத்தில் கதைக்க வைத்துவிடுவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதைக்கப் பழக்குகிற இடத்தில் பிள்ளை கேட்டது ஒருவருக்கும் விளங்கவில்லையே என்று அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை.

இப்படி ஒரு நிலையமா, அரசாங்கப் பள்ளியில் விசேட கல்வி அலகா (இப்படியான பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிற தனி வகுப்பு), சாதாரண தரம் ஒன்றா? போய்ப் பார்த்தவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

கிண்ணியா வாப்பா

சகோதரி, தரம் ஒன்று நேர்முகத்துக்குப் போன கதை என்னுடையது. எந்தப் பள்ளி என்று சொல்லமாட்டேன்.

அதிபர் மகனிடம் "பேர் என்ன?" என்று கேட்டார். மகன் அவரைப் பார்க்கவேயில்லை. அவருடைய தலைக்குப் பின்னால் ஒரு ஹாட்வெயார் கடைக் கலண்டர் தொங்கியது. அதை வாசிக்கத் தொடங்கினான். கடையின் பெயர், விலாசம், போன் நம்பர், கீழே சிவப்பில் இருந்த விடுமுறை நாட்கள், போயா, பெருநாள், தைப்பொங்கல், ஒன்றும் விடவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ரீச்சர் பேனையை வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தா. அதிபர் என்னைப் பார்த்து, "நல்லா பாடமாக்கிக் கூட்டி வந்திருக்கிறீங்க. பேர் கேட்டா சொல்லத் தெரியல்ல. கதைக்கத் தொடங்கினதும் வாங்க" என்றார். அந்தக் கலண்டரை நானே அன்றைக்குத்தான் பார்க்கிறேன்!

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்த ஒருவரை அந்தக் காரணத்துக்காகப் பள்ளியில் சேர்க்காமல் விட ஏலாது என்கிறது. அதைச் சொன்னேன். ஐந்து தொடக்கம் பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இல் கொண்டுவந்ததையும் சொன்னேன். அதிபர் கோபப்படவில்லை. "சட்டம் சரி தம்பி, ரீச்சர் எங்கே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. அதுதான் மனதில் கிடக்கிறது.

மகன் இப்போது வேறொரு சிறிய பள்ளியில். சமாளிக்கிறான்.

ஓய்வுபெற்ற ரீச்சர், சாம்பல்தீவு

இரண்டு பேரும் ரீச்சர்மாரையும் அதிபர்மாரையும் குற்றம் சொல்கிறீர்கள், சரி. நான் விசேட கல்வி அலகில் படிப்பித்தவள். ஒரே அறையில் காது கேளாத பிள்ளை, டவுன் சின்ட்ரோம் பிள்ளை, ஓட்டிசப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். நான் ஒருத்திதான். நான் லீவு எடுத்தால் அலகு பூட்டு.

என் கதை சின்னது. மணி அடித்தால் கேற்றுக்கு ஓடுகிற ஒரு பையன் இருந்தான். எங்கள் மணி, வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. ஒரு தடவை தடுக்கப் போய் என் முன்கையைக் கடித்துவிட்டான், அடையாளம் இப்போதும் இருக்கிறது. அதற்குப் பிறகு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவனைப் பின்பக்கத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப் போய்விடுவேன். ஓட்டம் நின்றது. "மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் குழாயடியில் என்ன வேலை?" என்று மேலிடத்தில் இருந்து வந்தவர் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதை அவர் வாசித்தாரோ தெரியாது.

இனி நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன், பிள்ளை. பள்ளியைப் பார்க்கப் போவதென்றால் காலைக் கூட்ட நேரத்தில் போகாதீர்கள், அப்போது எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான். இடைவேளையில் போங்கள். உங்கள் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை அந்த நேரம் எங்கே நிற்கிறது, கூட யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். கதைக்காத பிள்ளை "போக வேண்டும்" என்பதை இங்கே எப்படிக் காட்டும் என்று கேளுங்கள். படஅட்டை வைத்திருக்கிறார்களா, சைகை பழக்கியிருக்கிறார்களா? "படம் காட்டிப் பழக்கினால் கதைக்காமலே இருந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு இந்த வேலை தெரியாது. படஅட்டை பேச்சைத் தடுப்பதில்லை, பலருக்குப் பேச்சு வர உதவியும் இருக்கிறது. பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, வாயைப் பார்க்காமல், அழுகிற பிள்ளை ஒன்று வரும்வரை இருந்து பாருங்கள். பெற்றோரை உள்ளே விடாத இடத்துக்குப் பிள்ளையை விட வேண்டாம். மாதக் கணக்குச் சொல்லிக் கதைக்க வைப்போம் என்கிறவர்களிடம் இன்னும் தூரமாக இருங்கள். இன்னொன்று, இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். பாண்ட் வாத்தியம், ஒலிபெருக்கி, பிற்பகல் முழுக்கப் பயிற்சி. சத்தம் தாங்காத பிள்ளை அந்தக் கிழமைகளில் உடைந்துபோகும். அந்த நேரம் பிள்ளையை முன்கூட்டியே வீட்டுக்கு விடுவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள், பிறகு கேட்டால் நேரசூசியைக் காட்டுவார்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கண்டு, எந்த அலகில் உண்மையாகவே ஆள் இருக்கிறது என்று விசாரியுங்கள். பெயர்ப்பலகையில் அலகு இருக்கும், கதிரையில் ஆள் இருக்காது. அப்புறம், அலகா சாதாரண வகுப்பா என்று ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை. சித்திரத்துக்கும் சங்கீதத்துக்கும் பக்கத்து வகுப்பில் போய் இருந்துவிட்டு வந்த பிள்ளைகள் என்னிடம் இருந்தார்கள்.

கிண்ணியாத் தம்பி, அந்த அதிபர் கேட்ட கேள்வி நியாயமானது. சட்டத்தை வாசித்துக் காட்டினால் ரீச்சர் முளைக்காது.

நிலாவெளி அம்மம்மா

என் பேரனும் கதைக்காமல்தான் இருந்தான். கோதுமை மாவையும் மாட்டுப் பாலையும் நிறுத்தினோம், பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம், இப்போது பாட்டெல்லாம் படிக்கிறான். ஒன்பது மாத ஊசி போட்ட பிறகுதான் அவனுக்கு அப்படி வந்தது, நாங்கள் கண்ணால் கண்டது. பள்ளிக்கூடம் பிறகு பார்க்கலாம் மகள், முதலில் சாப்பாட்டைப் பாருங்கோ.

குடும்பநல உத்தியோகத்தர்

அம்மம்மா, நேர்த்தியை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஊசிக் கதையை மட்டும் இங்கே போடாதீர்கள், வாசித்துவிட்டு நாளைக்கு நாலு தாய்மார் கிளினிக்குக்கு வரமாட்டார்கள். அந்தக் கதை 1998இல் லண்டனில் வந்த ஒரு கட்டுரையில் கிளம்பியது. 2010இல் அதை வெளியிட்ட சஞ்சிகையே திரும்பப் பெற்றுவிட்டது. ஊசி போடுகிற வயதும் ஓட்டிசம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிற வயதும் கிட்டக்கிட்ட வருகின்றன, அதுதான் நடப்பது. கோதுமை, பால் நிறுத்தினால் ஓட்டிசம் குறையும் என்பதற்கும் நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நாலைந்து சாப்பாட்டை மட்டும் சாப்பிடுகிற பிள்ளைக்குப் பாலையும் நிறுத்தினால் நிறை இறங்கும். அதை நான் தராசில் பார்க்கிறவள்.

எனக்கு மறக்காத ஒன்று: வீடு பார்க்கப் போனபோது ஒரு தாய் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைத் தந்தா. "விரலால் சுட்டிக் காட்டும்" என்கிற, ஓட்டிசத்துக்கு நாங்கள் முக்கியமாகப் பார்க்கிற இடத்தில் சரி போட்டு, அழித்து, திரும்பப் போட்டு, கடதாசி ஓட்டையாகிப் போயிருந்தது. மாமியார் பக்கத்தில் நின்றதால் ஒன்றும் கேட்காமல் வந்து, அடுத்த நாள் தனியாகப் போனேன்.

இலங்கையில் சிறுபிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 93 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. நாங்கள் நினைப்பது போல எங்கேயோ ஒரு வீட்டில் நடப்பது இல்லை.

இரவு ரயில் அப்பா

எல்லாரும் திருகோணமலைக்குள்ளேயே தேடுகிறீர்கள். நாங்கள் கொழும்புக்குக் கிட்ட ராகமவுக்குப் போய், விசேட தேவைப் பிள்ளைகளைப் பார்க்கிற ஆயதி நிலையத்தில் காட்டினோம். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்தது, பிள்ளையை ஆறுதலாகப் பார்த்தார்கள். பிரச்சினை அதற்குப் பிறகுதான். தெரப்பிக்கென்று கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் சேர்த்து, இரவு ரயிலில் போவதும் வருவதுமாக இருந்தோம். அங்கே தமிழில் கதைக்க ஆள் இல்லை. "இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும். வீட்டில் இங்கிலீஷ் மட்டும் கதையுங்கள்" என்றார்கள்.

வீட்டில் மகனைப் பார்ப்பது என் மாமி. அவவுக்குத் தமிழ் மட்டும்தான். ஒருநாள் வேலையால் கொஞ்சம் முந்தி வந்தேன். மாமி அவனுக்கு முன்னால் இடியப்பத் தட்டை வைத்துவிட்டு "ஈட்... ஈட்..." என்கிறா. வேறு ஒரு சத்தமும் இல்லை. நாள் முழுக்க அவனோடு கதைத்துக்கொண்டே இருக்கிற மனுசி, முற்றத்தில் கோழியைக் காட்டி, மானைக் காட்டி, பாட்டுப் பாடிச் சோறு தீத்துகிற மனுசி, பிள்ளை கெட்டுவிடும் என்ற பயத்தில் வாயை மூடிவிட்டா. அன்றைக்கே அந்தக் கட்டளையை நிறுத்தினேன். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசப் பிள்ளையின் பேச்சு இன்னும் பிந்தும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்று பிறகு ஒரு தமிழ் ஸ்பீச் தெரப்பிஸ்ட் சொன்னா.

ரீச்சர், உங்களோடு எனக்கு ஒரு வழக்கு. பெற்றோரை உள்ளே விடாத இடம் கூடாது என்றீர்கள். எங்களை உள்ளே விட்டார்கள், கண்ணாடிக்குப் பின்னால் கதிரையும் போட்டுத் தந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். பிள்ளையோடு இங்கிலீஷ் கதைத்தாலும் எங்களுக்கு விளக்கியது சிங்களத்தில், ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் செய்யத் தந்த தாளும் சிங்களம். விளங்குகிற மொழியில் சொல்லித் தருவார்களா என்பதை உங்கள் பட்டியலில் முதலில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ரீச்சர், சாம்பல்தீவு

போட்டாயிற்று, தம்பி.

மூதூர் தங்கச்சி

எங்கள் அண்ணாவுக்கு இப்போது இருபத்தைந்துக்கு மேல். அந்தக் காலத்தில் ஓட்டிசம் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தரம் ஒன்றில் ஒரு தவணை வைத்திருந்துவிட்டு, மற்றப் பிள்ளைகளின் கொப்பியைக் கிழிக்கிறான் என்று திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவுதான் அவருடைய படிப்பு. இன்னமும் பள்ளி நாட்களில் காலையில் வெள்ளைச் சேட் கேட்பார், அம்மா அயன் பண்ணிக் கொடுக்கிறா. போட்டுக்கொண்டு கடைக்குப் போய் அப்பாவுக்குப் பேப்பர் வாங்கி வருவார். எந்தப் பள்ளி நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியாது அக்கா. அந்த ரீச்சர் குழாயடிக்குக் கூட்டிப் போன மாதிரி அண்ணாவுக்கு ஒருவர் இருந்திருந்தால் என்று இதை வாசித்தபோது நினைத்தேன்.

கிண்ணியா வாப்பா

ரீச்சர், ஒரு சொல். சட்டத்தால் ரீச்சர் முளைக்காது என்பது உண்மை. ஆனால் நாங்கள் பேசாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால், இங்கே ரீச்சர் தேவை என்று எந்தக் கந்தோரின் கணக்கிலும் ஏறாது. எங்கள் ஊரில் 2009 வரை பாலமும் இல்லை, துறையடியில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்தோம். கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. விண்ணப்பம் போடுங்கள், மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பாதிப் பேர் குரலை இறக்கிவிடுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

உவர்மலை அம்மா

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். நேற்று ரீச்சர் சொன்ன மாதிரி இடைவேளைக்கு ஒரு பள்ளிக்குப் போனேன், டவுனுக்கு வெளியே. ஏசியும் இல்லை, படமும் இல்லை. அலகில் ஒரு ரீச்சரும், உதவிக்கு வருகிற ஒரு தாயும். கழிப்பறைக் கதவில் கொண்டி உடைந்து கயிறு கட்டியிருக்கிறது. ஆனால் வகுப்புக் கதவில், பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், கழிப்பறைப் படம் ஒரு அட்டையில் தொங்குகிறது. நான் நிற்கும்போதே ஒரு பெண்பிள்ளை அதைக் கழற்றி ரீச்சரின் கையில் திணித்தாள். ரீச்சர் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவ, "ஒரு நிமிஷம்" என்று எழும்பிப் போய்விட்டா.

ரீச்சர் லீவு என்றால் என்ன நடக்கும் என்று கேட்டேன். "பிள்ளையை அனுப்பாதீங்க" என்று நேரே சொன்னா. கணவருக்கு அது பிடிக்கவில்லை, தனியார் நிலையம் கிழமைக்கு இரண்டு நாளாவது இருக்கட்டும் என்கிறார். அங்கே போவதென்றால் அந்த மேசையைப் பற்றி முதலில் கதைக்க வேண்டும். இன்னும் முடிவெடுக்கவில்லை.

இப்போதைக்கு என் பிரச்சினை வேறு. உவர்மலையில் இருந்து பாலையூற்றுப் பக்கம் ஓடுகிற ஸ்கூல் வானில், பாட்டுப் போடாமல் ஓட்டுகிற ஆள் யாரையாவது தெரியுமா?

இரவு ரயில் அப்பா

வான் வேண்டாம் அக்கா, ஓட்டோ பாருங்கள். எங்கள் லேனில் ஒருவர் இருக்கிறார், ரேடியோவே இல்லாத ஓட்டோ. கேட்டுச் சொல்கிறேன்.