ஓட்டு விழுந்ததா? ஒப்புகைச் சீட்டோடு எங்கள் அனுபவங்கள்

பள்ளி ஆசிரியர், வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியவர்

2024 ஏப்ரல் 19 அன்று, ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் எனக்குத் தேர்தல் பணி. காலை 5.30 மணிக்கு வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவைத் தொடங்கி, 50 ஓட்டுகளைப் போட்டுக் காட்டி, ஒப்புகைச் சீட்டை அச்சிடும் கருவியான விவிபேட்டிலிருந்து எடுத்த சீட்டுகளின் பின்புறம் முத்திரை குத்திக் கறுப்பு உறைக்குள் வைத்து ஒட்டுவதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. முகவர்களின் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. ஓட்டுப் போட வந்தவர்களின் சந்தேகம்தான் தீரவில்லை.

பத்து மணியளவில் வந்த மூதாட்டி ஒருவர் மறைப்புக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினார். உடனே சத்தம் வராததால் மறுபடியும் மறுபடியும் அழுத்திவிட்டு, "தம்பி, எனக்கு ஓட்டு விழலியே" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். விவிபேட் வருவதற்கு முன்பு, பொத்தானை அழுத்தியதுமே பீப் ஒலி கேட்கும். இப்போது வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி நின்று, துண்டாகிப் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் அந்த ஒலி வருகிறது. தம் ஓட்டைச் சரிபார்க்கக் கிடைத்த ஏழு விநாடியையும் அவர் கருவி பழுதாகிவிட்டதென்று பதறியே கழித்தார். உள்ளே எட்டிப் பார்க்க எனக்கு அனுமதியில்லை. "பொறுங்கம்மா, பக்கத்துப் பெட்டியில சீட்டு தெரியும் பாருங்க" என்று நான் சொல்லி முடிக்கவும் பீப் ஒலிக்கவும் சரியாக இருந்தது. "சத்தம் கேட்டுச்சு, சீட்டைத்தான் பாக்கலை" என்றபடியே வெளியே வந்தார்.

அட்டையில் செய்த மாதிரிக் கருவி ஒன்று எங்கள் சாமான்களோடு கட்டியபடியே மேசைக்கடியில் கிடந்தது. மறைப்புக்கு வெளியே, முகவர்கள் பார்க்க, அதைக் காட்டி விளக்குவதற்கு விதி இடம் தருகிறது. அதன் பிறகு அதை மேசைமேல் வைத்து, "சீட்டைப் பாருங்கள், சத்தம் கேட்ட பிறகு வாருங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியனுப்பினோம். வரிசை நீண்டது, முகவர் ஒருவர் முணுமுணுத்தார், ஆனால் உள்ளிருந்து வந்த கூப்பாடு மதியத்துக்குள் ஏறக்குறைய நின்றுவிட்டது. பார்வையற்றவர்களுக்கு இதுவும் உதவவில்லை. பொத்தான்களின் அருகே பிரெயில் எண் இருக்கிறது. சீட்டை அவர்களுக்காக உடன் வந்தவர்தான் பார்க்க வேண்டும். உரக்கச் சொல்லும் கருவி வைத்தால் இரகசியம் போய்விடும், ஆகவே காதில் மாட்டிக் கேட்கும் வசதி வேண்டும் என்பது என் எண்ணம்.

வருவாய்த் துறை ஊழியர்

எனக்கு நேர்ந்தது வேறு வகை. 2019 தேர்தலில் ஓர் இளைஞர், தாம் அழுத்தியது ஒரு சின்னம், சீட்டில் வந்தது வேறு சின்னம் என்றார். இத்தகைய புகாருக்கான 49எம்ஏ என்ற தேர்தல் விதிப்படி அவர் எழுத்துமூலம் உறுதிமொழி தர வேண்டும். பிறகு முகவர்கள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போட வேண்டும். புகார் பொய்யென்று தெரிந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அன்றைய சட்டத்தில் இருந்தது. படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அவசரத்துல பாத்தேன் சார், விடுங்க" என்று போய்விட்டார். சரியாகப் பார்க்கவில்லையா, பயந்துவிட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எச்சரிக்கையே இல்லாவிட்டால் வேண்டுமென்றே வாக்குப்பதிவை நிறுத்த ஆள் வருவார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதனை ஓட்டு அடுத்த அழுத்தலைத்தான் காட்டும், முன்னே நடந்ததைக் காட்டாது. அந்தச் சோதனையை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எண்ணிக்கை முகவராக இருந்தவர்

சட்டமன்றத் தொகுதிப் பகுதி ஒவ்வொன்றிலும் ஐந்து சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, வங்கிக் காசாளர் கூண்டு போன்ற கம்பிவலை அறைக்குள் சீட்டுகளை எண்ணுகிறார்கள். நான் பார்த்தபோது வாக்குப்பதிவுக் கருவியின் எண்ணிக்கையோடு எல்லாம் பொருந்தின. குறை நேரத்தில்தான்: கருவி ஓட்டுகளை எண்ணும் எல்லாச் சுற்றுகளும் முடிந்த பிறகே இந்த வேலை தொடங்குவதால், வெற்றி தெரிந்துவிட்ட முகவர்கள் பட்டாசு வெடிக்கக் கிளம்பியிருந்தார்கள், கம்பிவலைக்கு வெளியே நானும் இன்னொரு கட்சிக்காரரும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம்.