தினம் ஒரு சிறுகதை: எழுதுகிறவர் எப்படி வாசிப்பது?

கொழிஞ்சாம்பாறை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் இருந்துகொண்டு தமிழில் சிறுகதை எழுதி வருகிறேன். நாளுக்கு ஒரு சிறுகதையாவது வாசித்தே தீருவது என்று இந்த ஆண்டு உறுதி எடுத்திருக்கிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் கதையை எங்கே தொடங்குவது, எவ்வளவைச் சொல்லாமல் விடுவது என்ற இடத்தில்தான் கை நிற்கிறது. அதைக் கற்றுத்தர நல்ல கதைகளை விட்டால் வேறு ஆசிரியர் இல்லை என்று நம்புகிறேன். ஒருவருடைய தொகுப்பை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவரிடம் போவதா, நாளுக்கு ஒருவராக மாற்றி மாற்றி வாசிப்பதா? குறிப்பெடுப்பது பயன் தருமா? மலையாளத்தையும் தடையில்லாமல் வாசிப்பேன். அந்தக் கதைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா, தமிழில் எழுதுகிறவள் முதலில் தமிழிலேயே ஊன்றி நிற்பது நல்லதா?

களியக்காவிளை:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நாளுக்கு ஒருவராக மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவருடைய ஏழெட்டுக் கதைகளைத் தொடர்ந்து வாசித்தால்தான் அவர் எங்கே பழகிய வழியில் போகிறார், எங்கே புதிதாகத் துணிகிறார் என்பது பிடிபடும்.

தொடக்கத்தைப் பற்றிக் கேட்டதால் புதுமைப்பித்தனையே சொல்கிறேன். 'செல்லம்மாள்' கதை அவளுடைய சாவில்தான் தொடங்குகிறது. பிழைப்பாளா, மாட்டாளா என்ற பதைப்பை ஆசிரியர் முதலிலேயே எடுத்துவிடுவதால், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையும் அந்த நோயாளி மனைவியும் ஒருவரையொருவர் எப்படித் தாங்கி வாழ்ந்தார்கள் என்பதிலேயே நம் கவனம் முழுவதும் தங்கிவிடுகிறது. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிலோ, சென்னையில் ஒரு தெருச் சந்தியில் கையிலிருக்கும் சில்லறையை எதற்குச் செலவழிப்பது என்று யோசித்து நிற்கிற மனிதரிடம் கடவுள் வந்து சேர்கிறார். சில்லறைக் கணக்கு அவ்வளவு திருத்தமாக இருப்பதால்தான் பின்னால் வரும் கடவுளை நாம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம். இந்த இரண்டு கதைகளின் முதல் பக்கங்களை அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள்.

குறிப்பை இரண்டாம் வாசிப்பில் எடுங்கள். கதைச்சுருக்கம் எழுத வேண்டாம். காலம் எந்தப் பத்தியில் முன்னே நகர்கிறது, எதில் பின்னே போகிறது என்று குறித்தால் போதும்.

திருவனந்தபுரம், சாலை:

மலையாளத்தைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. எங்கள் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைத் தமிழில் எழுதிய ஆ. மாதவன் (1934–2021), மலையாளப் படைப்புகளைத் தமிழுக்கும் கொண்டுவந்தார். அவர் எழுத்து அதனால் ஒரு குறையும் படவில்லை. இரு மொழியும் புழங்கும் தெருவை அவ்வளவு நெருக்கமாகக் காட்டியவர்கள் குறைவு.

சொல்லாமல் விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் 'ஒரு மனுஷ்யன்' வாசியுங்கள். தொலைதூர ஊரில் உணவகத்தில் சாப்பிட்டு முடித்தவன் பணப்பை களவு போனதை அறிகிறான். கடைக்காரர் அவனுடைய உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்கிறார். அப்போது ஒருவர் எழுந்து காசைக் கொடுக்கிறார். வெளியே அழைத்துப் போய்ப் பல பணப்பைகளை எடுத்துக் காட்டி, எது உன்னுடையது என்று கேட்கிறார். அந்த மனிதரின் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. அவர் ஏன் திருடினார், ஏன் இரங்கினார் என்று பஷீர் ஒரு வரிகூட விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அவர் அந்தத் தலைப்புக்கு உரியவராகியிருக்க மாட்டார்.

காரூர் நீலகண்ட பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். அவரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'பொதிச்சோறு' கதையில் ஒரு மாணவனின் சோற்றுப் பொதியைத் திருடித் தின்பவர் அந்தப் பள்ளியின் வாத்தியாரேதான். சம்பளம் போதாத வாழ்க்கையைப் பற்றி இதைவிடச் சிக்கனமாக எழுதிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலந்தாவளம்:

அக்கா, களியக்காவிளை ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஒருவரையே தொடர்ந்து வாசிப்பது வாசகருக்கு நல்லது. ஆனால் கையில் பாதி எழுதிய கதை இருக்கும்போது, குறிப்பாகச் சிறுகதையாசிரியர் மௌனி போன்ற தனி நடை கொண்டவரை நாள்தோறும் வாசித்தால், அந்த நடை நம் வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அதை வெளியேற்றுவது பெரும்பாடு. எழுதும் வாரங்களில் கலந்து வாசியுங்கள், எழுதாத வாரங்களில் ஒருவரோடேயே இருங்கள்.

நாளுக்கு ஒன்று என்ற கணக்கு நம்மைக் குட்டிக் கதைகளின் பக்கம் தள்ளிவிடும் என்பதையும் யோசியுங்கள். நாற்பது பக்கக் கதையை இரண்டு நாளில் வாசித்தால் உறுதி முறிந்துவிடாது.

புத்தகத்துக்கு ஊர் வாசகசாலையிலேயே கேட்டுப் பாருங்கள். பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் பயனாக நம் பக்கம் சிற்றூர்களிலும் வாசகசாலைகள் இருக்கின்றன. அவர் மறைந்த ஜூன் 19 வாசிப்பு தினமாகக் கொண்டாடப்படுவதால், அதையொட்டித் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் குழுவினர் காது கொடுப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாதியில் நிற்கும் கதை ஒன்று கையில் இருப்பதால் இப்போதைக்குக் கலந்து வாசிக்கிறேன். முதலில் 'செல்லம்மாள்', அடுத்து 'பொதிச்சோறு'. வேலந்தாவளம் தம்பி, வாசகசாலைக்கு எழுதும் மனுவில் நீங்களும் கையொப்பமிட முடியுமா?