தென்னாப்பிரிக்க பிளாட்டினச் சட்டம்: தொழிலை வளர்த்ததா, வேலி மட்டும் போட்டதா?

பட்டறைப் பேரன் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்து நோட்டு. எத்தனை கிராம் வந்தது, எத்தனை கிராம் நகையாகப் போனது, அரத்தூளில் எவ்வளவு போனது என்று நாள்தோறும் எழுதியிருக்கிறார். 1963இல் 14 கேரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று ஆணை வந்தபோது எங்கள் தெருவில் பட்டறையை மூடிவிட்டு மில் வேலைக்குப் போனவர்கள் உண்டு. 1990இல் சட்டத்தையே தூக்கினார்கள். நடுவில் கடத்தல் நின்றதா என்றால், அது ஒரு நாளும் நிற்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினத்துக்கு இதே ஜாடையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 37ஆம் எண் விலைமதிப்பு உலோகங்கள் சட்டம். 2007 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது. கட்டியாகவோ பொடியாகவோ இருக்கும் பிளாட்டினத்தை உரிமம் இல்லாதவர் வாங்கக் கூடாது, விற்கக் கூடாது, கையில் வைத்திருக்கவே கூடாது. சுத்திகரிக்க ஓர் உரிமம், நகை செய்ய ஓர் அனுமதி, வெளிநாட்டுக்கு அனுப்ப ஓர் அனுமதி. வைரத்துக்கும் இதற்கும் சேர்த்து ஓர் ஒழுங்காணையம். உள்நாட்டிலேயே மதிப்பைக் கூட்டுவதை வளர்ப்பதும் அந்த ஆணையத்தின் நோக்கங்களில் ஒன்று.

உலகச் சுரங்கங்களில் எடுக்கும் பிளாட்டினத்தில் சுமார் 70 சதவீதம் அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. ஆனால் அங்கே அதைக் கடைசிவரை பெரிய அளவில் சுத்தம் செய்யும் இடங்கள் ரஸ்டன்பர்க், ஸ்பிரிங்ஸ், பிராக்பன், அவ்வளவுதான். மூன்றும் சட்டம் வருவதற்கு முன்பே இருந்தவை. அப்படியானால் சட்டம் எதை வளர்த்தது? உள்ளே இருந்தவர்களுக்காக வெளியே கதவைச் சாத்தியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரஸ்டன்பர்க் ரிட்டர்ன்

தம்பி, தாத்தா கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டறையையும் பிளாட்டின ஆலையையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

நான் அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலையில் ஆறு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். அந்த ஆறு வருடமும் என் கல்யாண மோதிரம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. வாசலில் சொந்தத் துணியைக் கழற்ற வேண்டும், ஆலைத் துணி மாட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிந்தால் குளித்து, சோதனையைத் தாண்டி, அப்புறம்தான் சொந்தத் துணி. உள்ளே கொண்டுபோன பேனா வெளியே வராது. அவமானமாக இல்லையா என்று மனைவி கேட்டாள். முதல் மாதம் இருந்தது. ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் பிளாட்டினம் அரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு கோபம் போய்விட்டது. வைத்திருந்தாலே குற்றம் என்ற பிரிவு இல்லையென்றால், வேலியைத் தாண்டிய மறு நிமிடம் அது யாருடைய பொருள் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? சுத்தமான உலோகத்துக்கு ஊர் பேர் கிடையாது.

இரண்டாவது, சின்ன ஆட்கள் வராததற்குக் காரணம் உரிமம் இல்லை, வேதியியல். ஒரு டன் பாறையில் நாலைந்து கிராம்தான் இருக்கும், அதுவும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் சேர்ந்து. பாறையை மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு அள்ளி, மின் உலையில் உருக்கினால் 'மேட்' என்ற கந்தகக் கலவை வரும். அதிலிருந்து நிக்கலையும் செம்பையும் பிரித்த பிறகுதான் எங்கள் வாசலுக்கே வரும். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளோரின் விட்டுக் கரைக்க வேண்டும். கரைசலில் அம்மோனியம் குளோரைடு போட்டால் பிளாட்டினம் கோழிக்குஞ்சு மஞ்சளில் உப்பாக அடியில் இறங்கும். முதல் தடவை பார்த்தபோது இதற்கா இத்தனை பூட்டு என்றிருந்தது. சுட்டெடுத்தால் சாம்பல் நிறத்தில் கடற்பஞ்சு மாதிரி 99.95 சதவீத உலோகம்.

அந்த மஞ்சள் உப்பின் தூசி மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். தோலில் குத்திப் பார்க்கும் ஒரு சோதனையை அடிக்கடி செய்வார்கள். எதிர்வினை தெரிந்தால் அவ்வளவுதான், அந்தப் பகுதிக்குள் மறுபடி கால் வைக்க முடியாது. என்னோடு சேர்ந்த ஒருவர் அப்படித்தான் கிடங்குக்கு மாற்றப்பட்டார். இதைக் கொல்லைப்புறக் கொட்டகையில் செய்ய உரிமம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வரிக்கணக்கு

நீங்கள் இரண்டு பேரும் ஒரே சட்டத்தின் வெவ்வேறு பாதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். ரிட்டர்ன் சார் பேசுவது போலீஸ் பாதி: யார் வைத்திருக்கலாம், யார் கூடாது. பேரன் கேட்பது தொழில் பாதி: உள்நாட்டில் ஆலை வளர்ந்ததா. முதல் பாதிக்குப் பல் இருக்கிறது. இரண்டாவது பாதி பெரும்பாலும் ஆசைதான்.

உதாரணத்துக்கு நார்தம் என்ற சுரங்க நிறுவனம். தோண்டுவதும் உருக்குவதும் தென்னாப்பிரிக்காவில். ஆனால் கடைசிச் சுத்திகரிப்புக்கு ஜெர்மனியில் ஹானாவ் நகரத்திலுள்ள ஹெரேயஸ் என்ற கம்பெனிக்கு அனுப்பியே பல காலம் ஓட்டியது. சட்டப்படி, அனுமதி வாங்கித்தான். இன்னும் பின்னால் போனால், ரஸ்டன்பர்க் சுரங்கங்களின் சரக்கை வெகுகாலம் இங்கிலாந்தில் ஜான்சன் மேத்தி என்ற கம்பெனி சுத்திகரித்தது. ரஸ்டன்பர்க்கிலேயே ஆலை வந்தது 1980களின் கடைசியில். அதாவது இந்தச் சட்டத்துக்கு 15 வருடத்துக்கும் மேல் முன்னால். சரக்கின் அளவு கூடியதும், கூலி கட்டுப்படியானதும் ஆலையை இழுத்துவந்தன.

கரிசல்காட்டான்

மூன்று பேரும் சுற்றி வளைக்கிறீர்கள். நெல்லை விற்றுவிட்டு அரிசிக்குக் கடையில் நிற்கிற கதைதானே இது? சட்டத்தில் ஆசை மட்டும் இருக்கிறது என்றால் ஆசையைக் கட்டாயமாக்க வேண்டியதுதான். சுத்திகரிக்காமல் ஒரு கிராம் வெளியே போகக் கூடாது என்று ஒரு வரி எழுதட்டும். ஜிம்பாப்வே எழுதியதே! கச்சா பிளாட்டினத்துக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி, இங்கேயே ஆலை கட்டு என்று கெடு. ஒரு சின்ன நாட்டுக்கு இருக்கிற முதுகெலும்பு பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லை.

ரஸ்டன்பர்க் ரிட்டர்ன்

அண்ணே, ஜிம்பாப்வேயை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2015 ஜனவரியில் தொடங்க வேண்டிய அந்த வரியை எத்தனை முறை தள்ளிவைத்தார்கள் என்று பாருங்கள். ஜிம்பிளாட்ஸ் என்ற பெரிய நிறுவனம் செலூஸில் உருக்கி, மேட்டாக்கி, லாரியில் ஏற்றித் தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்ஸில் இருக்கும் தாய் நிறுவன ஆலைக்குத்தான் அனுப்பிவந்தது. ஆலை கட்டு என்றால், இந்த அளவு சரக்குக்குக் கட்டினால் பாதி நாள் சும்மா கிடக்கும் என்பது சுரங்கக்காரர்களின் பதில். அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் ஆலையில் பிளாட்டினம் வெளிவரச் சில வாரம் ஆகும், ரோடியம் வர மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் அத்தனை பணமும் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். சரக்கு குறைவாக இருந்தால் வட்டியே ஆலையைத் தின்றுவிடும்.

கரிசல்காட்டான்

சரி, அதே ஜிம்பாப்வேயில் ஊங்கி சுரங்கத்தில் உருக்காலை வந்ததே, அது எப்படி வந்தது? அதற்கு முன் உருக்காத வெறும் செறிவுத்தூளைத்தானே (நுரையில் அள்ளிய தூள்) தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள்? வரி என்ற கத்தி தலைக்கு மேல் தொங்காமல் இருந்தால் கட்டியிருப்பார்களா?

ரஸ்டன்பர்க் ரிட்டர்ன்

கட்டியிருக்க மாட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்தது உருக்காலை. சுத்திகரிப்பு ஆலை இல்லை. மிரட்டலால் ஒரு படி ஏற்ற முடிந்தது, அடுத்த படி ஏறவில்லை. தென்னாப்பிரிக்காவே இந்த மிரட்டலை முயன்றது, தெரியுமா? சுரங்கச் சட்டத்தில் ஒரு திருத்தம். அமைச்சர் குறிப்பிடும் கனிமத்தில் ஒரு பங்கை உள்ளூர் ஆலைகளுக்கு ஒதுக்க வேண்டும், அதுவும் சுரங்க வாசல் விலையில். 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2015 ஜனவரியில் அதிபர் ஜூமா கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். 2018இல் அரசே கைவிட்டது.

வரிக்கணக்கு

கரிசல் அண்ணனுக்கு நான் வேறு இடத்தைக் காட்டுகிறேன். கார் புகையைச் சுத்தமாக்கப் புகைக்குழாயில் மாட்டும், பிளாட்டினமும் ரோடியமும் பூசிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் செய்வதில் போர்ட் எலிசபெத் (இப்போது கெபெர்ஹா) உலகத்துக்கே முக்கியமான ஊராக வளர்ந்தது. எந்த உலோகச் சட்டமும் அதைச் செய்யவில்லை. 1995இல் வந்த மோட்டார் தொழில் வளர்ச்சித் திட்டம் செய்தது. உதிரிபாகம் ஏற்றுமதி செய்தால், கார் இறக்குமதியில் வரிச் சலுகை. பிளாட்டினம் விலை கூடிய சாமான் என்பதால் கன்வெர்ட்டரை ஏற்றுமதி செய்தால் கணக்கில் சலுகை மளமளவென்று ஏறியது. ஐரோப்பியக் கார் கம்பெனிகள் ஓடிவந்தன. குச்சியால் நடக்காததைக் கரும்பால் நடத்திக் காட்டினார்கள்.

சட்டம் விபரீதமாகவும் வேலை செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ச் சங்கதி. சுங்கப் பட்டியலில், எடையில் 2 சதவீதம் பிளாட்டினம் இருந்தாலே அந்தக் கலவைக்குப் பெயர் பிளாட்டினம். 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தம் போட்டபோது பிளாட்டினத்துக்கு வரி படிப்படியாகக் குறைந்தது; தங்கத்துக்கு உச்சத்தில் இருந்தது. அப்புறம் என்ன, பெரும்பகுதி தங்கமாக இருந்த கட்டி பிளாட்டினம் என்ற பெயரில் இறங்கியது. இங்கே வந்ததும் இரண்டையும் பிரித்தெடுக்கிற வேலை. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்க வரியை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்த பிறகு அந்த ஆசை ஓரளவு தணிந்தது. ஒரு வரிவிகித வித்தியாசம் மட்டுமே பெற்றெடுத்த சுத்திகரிப்பு அது. ஆடிட்டராக இருந்துகொண்டு நானே சிரித்தேன்.

கரிசல்காட்டான்

கரும்பும் ஒருநாள் தீரும் சார். சலுகை நிற்கும் நாளில் அந்தக் கம்பெனி அங்கே நிற்குமா?

அதை விடுங்கள். 2020 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? ரஸ்டன்பர்க்கில் ஆங்கிலோ பிளாட்டினம் என்ற பெரிய கம்பெனியின், மேட்டை மேலும் சுத்தமாக்கும் உலை வெடித்தது. அதற்குப் பதிலாக ஓட்ட இருந்த இன்னோர் உலையிலும் தண்ணீர்க் கசிவு. மார்ச் மாதம், ஒப்பந்தப்படி சரக்குத் தர முடியாது என்று கையை விரித்தார்கள். இன்னொரு கம்பெனிச் சுரங்கத்தில் தோண்டிய தூளும் அங்கேதான் போய் நின்றது. உலகமே ஒரு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் ரோடியம் அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டியது. பத்து ஆலை இருந்திருந்தால் இந்தக் கதி வருமா? பேரன் சொல்கிற சாத்திய கதவு இதுதான்.

ரஸ்டன்பர்க் ரிட்டர்ன்

ரோடியம் விலைக்கு ஐரோப்பாவும் சீனாவும் புகை விதிகளை இறுக்கியதும் காரணம். எல்லாவற்றையும் ஓர் உலை தலையில் கட்டாதீர்கள். அதுவும் நீங்கள் சொல்வது உருக்கும் கட்டம், இந்தச் சட்டம் குறிவைக்கும் கடைசிச் சுத்திகரிப்பு இல்லை.

ஆனால் ஒன்று உண்மை, மறைக்க மாட்டேன். சின்னச் சுரங்கக்காரருக்குச் சொந்த உலை கிடையாது. தூளைப் பெரிய கம்பெனிக்கு விற்றாக வேண்டும். அவருக்கு உலோகத்தின் முழு விலை கிடைக்காது. ஒரு பங்கை உருக்குபவர் எடுத்துக்கொள்வார். நிபந்தனையும் அவருடையது, பணம் வருவதும் மாதங்கள் கழித்து. விற்கக்கூடிய வாசல் இரண்டு மூன்றுதான். எங்கள் ஆய்வகத்தில் மாதிரி எடுக்கும்போது அவர்கள் ஆளும் பக்கத்தில் நின்று பார்ப்பார். டன்னுக்குக் கால் கிராம் வித்தியாசத்துக்கு அரை நாள் வாக்குவாதம் நடக்கும். அந்த மனிதருக்கு இந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் துணை நிற்கவில்லை. யார் வைத்திருக்கலாம் என்று எழுதியவர்கள், என்ன கூலி வாங்கலாம் என்று எழுதவில்லை.

பட்டறைப் பேரன்

ரிட்டர்ன் அண்ணா, கடைசிப் பத்தியை முதலிலேயே போட்டிருந்தால் பாதி விவாதம் மிச்சம். நான் கதவு என்றது இதைத்தான். உரிமம் யாருக்கும் மறுக்கப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வைத்திருந்தாலே குற்றம் என்ற பொருளை விற்க இரண்டு மூன்று வாசல்தான் உண்டு என்றால், அந்த வாசல்காரன் சொல்வதுதானே விலை?

மஞ்சள் உப்பு விஷயத்தில் நான் தோற்றேன். அது எனக்குத் தெரியாது. கொட்டகையில் செய்யக்கூடிய வேலை இல்லைதான்.

கரிசல் அண்ணனோடு மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. ஏற்றுமதியை மூடினால் சின்னவருக்கு இருக்கிற ஹானாவ் வாசலும் போய்விடும். அப்புறம் உள்ளூர்ப் பெரியவர் காலில்தான் விழ வேண்டும்.

வரிக்கணக்கு

தாத்தா நோட்டில் அரத்தூளுக்கு எவ்வளவு காட்டியிருக்கிறார்? சும்மா ஆர்வம்.

பட்டறைப் பேரன்

இப்போதுதான் பரணில் ஏறி எடுத்தேன். எல்லா நாளும் ஒரே அளவு. பத்து வருடமும் ஒரே அளவு சார், ஒரு மில்லிகிராம் கூடக் குறைய இல்லை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நோட்டை அதிகாரி பார்ப்பார், தூளைத் தாத்தா பார்ப்பார்" என்றார். மறுபடி பரணிலேயே வைத்துவிட்டேன்.